இஞ்சினைத் திறக்காத கார்த்திகை

“டொக்... டொக்... டொக்...”

அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ஞானாம்பிகையின் கை அப்படியே நின்றது. சத்தம் கார்க் கொட்டிலில் இருந்து வந்தது. நெஞ்சுக்குள் யாரோ தட்டுவதுபோல் இருந்தது அவளுக்கு.

கொட்டிலில் அவளுடைய கணவர் பரமலிங்கமும், குருநகரில் இருந்து வந்த வயரிங்காரன் கிறகோரியும் நின்றார்கள். ஐம்பத்தாறாம் ஆண்டு வாங்கிய ஒஸ்ரின் ஏ-40 அது. கொக்குவில் ஸ்ரேஷனடியில் வாடகைக்கு ஓடிப் பதினெட்டு வருடமாக அந்த வீட்டுக்குச் சோறு போட்ட கார். போன கிழமை கொடிகாமத்தில் இருந்து திரும்பும் வழியில் அதன் டாஷ்போட்டுக்குள் இருந்து புகை கிளம்பியது. துணி சுற்றிய பழைய வயர்கள் தொட்ட இடத்தில் எல்லாம் பொரிந்து கொட்டின. கிறகோரி எல்லாவற்றையும் பிடுங்கிச் சாக்கில் குவித்துவிட்டு, சோதனைக்காகப் பற்றறியில் இருந்து ஒற்றை வயரை இழுத்து இஞ்சினை ஓடவிட்டிருந்தான்.

“கேட்டியோ, பிஸ்ரன் அடிக்குது,” என்றார் பரமலிங்கம். “எல்லாம் கழண்டு கிடக்கேக்கையே இஞ்சினையும் திறந்திடுவம்.”

“உங்களுக்கென்ன விசரோ அண்ணை? திறக்கிறதெண்டால் மெக்கானிக் முருகேசு வரவேணும். வந்தால் பிஸ்ரன் றிங் மாத்தவேணும் எண்டுவான். இந்த எழுபத்து நாலிலை றிங் எங்கை கிடக்கு? கொழும்பிலையே இல்லை. கார் ரெண்டு மாசம் வயித்தைப் பிளந்துகொண்டு கிடக்கும். மகள் குணத்தின்ரை பிள்ளைப்பேறுக்கு இன்னும் எத்தினை நாள்?”

“பத்துப் பன்ரண்டு நாள்.”

“அப்ப?”

“அதுக்குத்தானே சொல்லுறன்! இந்த முறையும் வழியிலை நிண்டுதெண்டால் நான் உயிரோடை இருக்கமாட்டன்.”

அடுப்படியில் ஞானாம்பிகை கண்ணைத் துடைத்தாள். வெங்காயம்தான் காரணம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

இரண்டு வருடத்துக்கு முன் மகள் குணலட்சுமிக்குப் புருஷன் வீட்டில், கொடிகாமத்தில், எட்டாம் மாதத்திலேயே வலி எடுத்துவிட்டது. பரமலிங்கம்தான் காரை எடுத்துக்கொண்டு பறந்தார். திரும்பி வரும்போது கைதடி வெளியில் வயர் கருகிக் கார் நின்றது. கொட்டும் மழை. முன்னும் பின்னும் ஒரு வாகனம் இல்லை. அந்தப் பின் சீற்றிலேயே பிள்ளை பிறந்தது. அது அழவில்லை. யாரும் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அன்றில் இருந்து பெற்ற மகளின் முகத்தை அவர் நிமிர்ந்து பார்த்ததில்லை.

“வேறை கார் ஒண்டு பிடிச்சால் போச்சு,” என்றான் கிறகோரி.

அறை யன்னல் திறந்தது. இந்த முறை பேற்றுக்கு முன்னதாகவே தாய்வீடு வந்திருந்த குணலட்சுமி நிறைமாத வயிற்றோடு நின்றாள்.

“கிறகோரியண்ணை, நான் ஐயாவின்ரை காரிலைதான் போவன். அது ஓடாட்டில் நடந்து போவன். வேறை காரிலை ஏறமாட்டன்.”

பரமலிங்கம் நிலத்தைப் பார்த்தார். தகப்பன் தலையில் இருக்கும் மலையைத் தன் கையாலேயே இறக்கிவைக்க மகள் நினைக்கிறாள். பெற்ற தாய்க்கு அது விளங்காதா?

ஞானாம்பிகை தேத்தண்ணியோடு கொட்டிலுக்கு வந்தாள்.

“நான் ஒண்டு சொன்னால் ரெண்டு பேரும் சிரிப்பியள்.”

“சிரிக்கிறம், சொல்லும்,” என்றார் கணவர்.

“காலமை நீங்கள் எடுத்துக்கொண்டு போகேக்கை உந்தச் சத்தம் இல்லை. தையல் மிசின் மாதிரிப் போகும். மத்தியானம் சாப்பிட வரேக்கைதான் டொக்கு டொக்கெண்டு வரும். அடுப்படியிலை இருந்து ஒவ்வொரு நாளும் கேக்கிறனான். இப்பவும் கொஞ்ச நேரம் ஓடிச் சூடேறினாப் பிறகுதானே தட்டினது? றிங் தேஞ்சதெண்டால் எந்த நேரமும் தட்டாதோ?”

“கேட்டியே கிறகோரி? இனி அடுப்படியிலை கராஜ் திறக்கலாம்.”

கிறகோரி சிரிக்கவில்லை. இஞ்சினை நிறுத்தினான். சூடு ஆறும்வரை பொறுத்திருந்து, இஞ்சினின் பக்கத்தில் தண்ணீர் வடியவிடும் சிறு குழாயைத் திறந்தான். சீறிக்கொண்டு பாயவேண்டிய தண்ணீர் ஒரு சொட்டும் வரவில்லை. வயர்த் துண்டை விட்டுக் குடைந்தான். பொருக்குப் பொருக்காக வெள்ளைக் கல் உதிர்ந்தது.

ஞானாம்பிகை ஒன்றை எடுத்து விரலால் நசுக்கினாள்.

“இது எங்கடை தேத்தண்ணிக் கேத்திலுக்குள்ளை படியிறதெல்லோ!”

பரமலிங்கத்தின் முகம் செத்துப்போயிற்று. தன் வீட்டுக் கிணற்றைப் பற்றி அவருக்கு இருந்த பெருமை ஊர் அறிந்தது. காங்கேசன்துறைக்குப் போனாலும் தகர டின்னில் அந்தத் தண்ணீரைக் கொண்டுபோய்த்தான் றேடியேற்றருக்குள் ஊற்றுவார். பிறத்தியார் தண்ணீர் கூடாது. தாய்ப்பால் மாதிரித் தண்ணீர் என்பார். பதினெட்டு வருடமாக அந்தத் தாய்ப்பாலோடு சுண்ணாம்பையும் சேர்த்துக் குடித்திருக்கிறது கார். அன்பு காட்டியே அடைத்துவைத்தவர் அவர்!

“அண்ணை, காருக்குக் கல்லடைப்பு,” என்றான் கிறகோரி. “தண்ணி ஓடாமல் இஞ்சின் கொதிக்கிறதாலைதான் தட்டுது. வயித்தைக் கீறத் தேவையில்லை. கல்லைக் கரைப்பம்.”

“இது மட்டும்தான் வருத்தமெண்டு என்ன நிச்சயம்?”

“நிச்சயமெண்டு பொய் சொல்லமாட்டன். மூண்டு நாள் தாங்கோ. பிறகும் தட்டினால் நானே முருகேசுவைக் கையைப் பிடிச்சுக் கூட்டியாறன்.”

பரமலிங்கம் மெல்லத் தலை நிமிர்த்தி யன்னலைப் பார்த்தார். மகள் அங்கேயே நின்றாள். எத்தனை காலத்துக்குப் பிறகு அந்தப் பார்வை!

“சரி,” என்றார். “திறக்கவேண்டாம்.”

ஊறுகாய்க்கு வைத்திருந்த வினாகிரி முழுவதையும் ஞானாம்பிகை தூக்கிக் கொடுத்தாள். கேத்திலுக்கு அவள் செய்கிற வைத்தியமும் அதுதான். மூன்று நாளும் ஊற்றுவதும் ஓடவிடுவதும் வடிப்பதுமாக இருந்தார்கள். கஞ்சிபோல் வெள்ளைச் சேறு வந்துகொண்டே இருந்தது. இடையில் கிறகோரி புது வயர்களை ஒவ்வொன்றாக இழுத்துக் கட்டினான். கார்த்திகை மழையில் கூரைப் பீலியால் விழுந்த தண்ணீரைப் பெரிய கிடாரத்தில் பிடித்து, அதையே றேடியேற்றருக்குள் ஊற்றினார்கள். நாலாம் நாள் காங்கேசன்துறை வரை ஓடிவிட்டு வந்து பரமலிங்கம் படலையடியில் காரை நிறுத்தினார். அது தையல் மிசின் மாதிரி ஓடிக்கொண்டு நின்றது.

“முருகேசுவைக் கூட்டியாறன் எண்டு சொன்ன வாயாலை சொல்லுறன்,” என்று கிறகோரி ஞானாம்பிகையைக் கும்பிட்டான். “அக்கா, உங்களுக்குத்தான் மெக்கானிக் பட்டம்.”

பதினோராம் நாள் விடியற்காலை குணலட்சுமிக்கு வலி கண்டது. கார் ஒரே தரத்தில் ஸ்ராட் ஆனது. பின் சீற்றில் தாயின் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தவள், பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: “ஐயா, மெல்லப் போங்கோ. நேரம் இருக்கு.”

பரமலிங்கம் ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓட்டினார். ஆஸ்பத்திரியில் பிறந்த பெண் குழந்தை விறாந்தை அதிர அழுதது. அந்த அழுகையைக் கேட்ட பரமலிங்கம் சுவரில் சாய்ந்து, சின்னப் பிள்ளைபோல் தானும் அழுதார்.

பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழிந்த முப்பத்தோராம் நாள் கிறகோரி வந்தான். அவன் மனைவி லூர்த்தம்மா பின்னிய சிறு தொப்பி ஒன்று கையில் இருந்தது. பரமலிங்கம் பேத்தியைத் தூக்கிவந்து அவனிடம் நீட்டினார்.

“ஐயோ அண்ணை, கிறீஸ் பிடிச்ச கை.”

“அந்தக் கைதான் வேணும். பிடி.”

அவன் கையைச் சட்டையில் துடைத்துவிட்டுக் குழந்தையை வாங்கினான். குணலட்சுமி தகப்பனைப் பார்த்தாள். அவர் இம்முறை பார்வையைத் திருப்பவில்லை. “உன்னைப் போலைதான் பிள்ளை,” என்றார்.

நன்றி என்ற சொல் அந்த வீட்டில் புழங்குவதில்லை. அது கூட்டத்தில் பேசுபவர்களுக்கு உரியது. ஞானாம்பிகை சோற்றுக்கு மேல் சோறு வைத்தாள். போதும் போதும் என்று கிறகோரி இலையை மறைக்க, மறைத்த கையை விலக்கி இன்னும் ஒரு அகப்பை வைத்தாள்.

பொழுது பட வெளிக்கிட்டவனிடம் வாழைப்பழச் சீப்பு ஒன்றைத் திணித்தாள்.

“லூர்த்தம்மாவையும் கூட்டிக்கொண்டு ஒருநாள் வா தம்பி.”

“ஓமக்கா, வாறன்.”

சைக்கிள் படலை தாண்டி ஒழுங்கையில் திரும்பி மறையும்வரை நின்றாள். உள்ளே தாத்தாவும் பேத்தியும் ஏதோ கதைத்துக்கொண்டிருந்தார்கள். கூதல் காற்றுக் குழந்தைக்கு ஆகாது என்று ஞானாம்பிகை கதவைச் சாத்தினாள்.