வெயிலில் பாஸான புரோகிராம்

சாயப்பட்டறை லேபில் நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது என் வேலை. ஆர்டர் கொடுத்தவர் அனுப்பிய துண்டுத் துணிக்கும் நாங்கள் சாயம் போட்ட துணிக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று மெஷின் எண்ணாகச் சொல்லும். அந்த எண்ணைப் பார்த்து பாஸ், ஃபெயில் சொல்ல நானே ஒரு சின்ன பைத்தான் புரோகிராம் எழுதியிருந்தேன். மற்ற லேப்காரர்களுக்கும் உதவட்டும் என்று தமிழில் விளக்கி என் வலைப்பதிவில் போட்டேன். பெருமை தாங்கவில்லை.

போட்ட விதம்தான் அசல் திருப்பூர். இங்கே எல்லாவற்றுக்கும் போட்டோதான். துணியில் ஓட்டையா, லேபிள் மாறிவிட்டதா, உடனே ஒரு போட்டோ எடுத்து வாட்ஸப்பில் தட்டிவிடுவோம். நானும் பழக்கதோஷத்தில் கம்ப்யூட்டர் திரையைப் போட்டோ எடுத்துப் பதிவில் போட்டுவிட்டேன்.

பின்னூட்டத்தில் நம்பர் கேட்டு வாங்கி, பக்கத்து ஊரான மங்கலத்திலிருந்து ஒரு அக்கா போன் செய்தார். தூத்துக்குடிக்காரர். தையலிலிருந்து அவர்கள் கம்பெனி லேபுக்கு மாறியவர். "உனக்கெதுக்கும்மா புரோகிராமெல்லாம், போய் பக்கெட்டைக் கழுவு" என்று மேனேஜர் எல்லார் முன்னாலும் சிரித்திருக்கிறார். வியாழக்கிழமை ஓட்டிக் காட்டுகிறேன் என்று இவரும் சவால் விட்டுவிட்டார்.

"போன்ல எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி இருக்கு தங்கச்சி. காப்பி பண்ணவும் முடியல."

அந்த மேனேஜர் மேல் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! டீயைக்கூடத் தொடாமல் புரோகிராமை எழுத்தாகவே பதிவில் ஒட்டினேன். வலைப்பதிவு தன் வேலையைக் காட்டியது. வரிகளின் தொடக்கத்தில் விட்டிருந்த இடைவெளிகளை விழுங்கிவிட்டது. அவை இல்லாமல் பைத்தான் ஓடாது. 'இதைவிடக் குறைவு' என்று சொல்லும் < குறியையோ வலைப்பக்கக் கட்டளை என்று எடுத்துக்கொண்டு, பின்னால் வந்ததையும் சேர்த்து மறைத்துவிட்டது. பாஸா ஃபெயிலா என்று முடிவு செய்கிற வரியையே காணோம்.

"தப்புத் தப்பா வருது தங்கச்சி. நாளைக்குக் காட்டணும்." அக்காவின் குரல் இறங்கியிருந்தது.

"ஓட்டிருவோமுங்க அக்கா. அந்தாளு வாய அடைக்காம உடறதில்ல" என்றேன்.

இடைவெளியை அப்படியே காப்பாற்றும் பெட்டிக்குள் புரோகிராமைப் போட்டேன். < குறிக்கு உரிய மாற்றுக்குறியை எழுதினேன். வார்த்தைகளுக்கு நிறம் கொடுக்கும் ஸ்கிரிப்டையும் சேர்த்தேன். கறுப்புப் பின்னணி, கட்டளைகளுக்கு ஊதா, விளக்கங்களுக்கு மெரூன். லேபின் இருட்டறையில் பார்க்க ராஜகளையாக இருந்தது.

"ஒரே கறுப்பா இருக்கே தங்கச்சி" என்றார் அக்கா. அவர் உட்காரும் இடம் வெளிச்சமான ஜன்னலோரம்.

எனக்குச் சுரீர் என்றது. எந்த நிறத்தையும் உள்ளே விளக்கொளியில் மட்டும் பார்த்து நாங்கள் பாஸ் போடுவதில்லை. துணியை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலிலும் பார்ப்போம். ஊரான் பனியனுக்கு இத்தனை பிடிவாதம் பிடிக்கிறவள், என் சொந்தப் பதிவுக்குப் பார்க்கவில்லை. போனோடு வாசலுக்கு ஓடினேன்.

"என்ன கண்ணு, வெயில்ல நின்னுட்டு போனப் பாக்கற?" என்றார் வாட்ச்மேன்.

"ஷேடு பாக்கறனுங்க."

வெள்ளைப் பின்னணிக்கு மாற்றினேன். கட்டளைகள் கருநீலம், எண்கள் சிவப்பு, விளக்கங்கள் அடர்பச்சை. உச்சி வெயிலிலும் ஒவ்வொரு புள்ளியும் தெரிந்தது. பாஸ் போட்டேன்.

வியாழன் மத்தியானம் போன் வந்தது.

"ஓடிட்டு தங்கச்சி! எல்லாத் துணிக்கும் சரியாச் சொல்லிட்டு!"

நான் போட்ட கூச்சலில் லேபே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"மேனேஜர் என்னங்க சொன்னாரு?"

"அவரா? வாசல்ல நின்னு, தன் போன்ல உங்க பதிவத்தான் படிச்சிட்டிருக்காரு."

"எழுத்து நல்லாத் தெரியுதுங்களான்னு கேளுங்க அக்கா."

அக்கா அங்கிருந்தே உரக்கக் கேட்டார்.

"தெரியுதாம்" என்றார் அக்கா.