என் கைபேசிக்கு வந்த மற்றவர்களின் சாவிகள்

எங்கள் தீவுகளில் ஒரு வழக்கம் உண்டு. எந்த விண்ணப்பமானாலும், கைபேசி எண் கேட்கும் இடத்தில் வெளித்தீவுக்காரர்கள் பலர் தங்கள் எண்ணை எழுதுவதில்லை; போர்ட் பிளேரில் இருக்கும் உறவினரின் எண்ணை எழுதுவார்கள். சிக்னல் இருக்கும் ஊரில் யாரேனும் ஒருவர் செய்தியை வாங்கிவைத்துச் சொல்லட்டுமே என்ற ஏற்பாடு அது. கப்பலில் வரும் பார்சலை ஜெட்டியில், அதாவது படகுத்துறையில், இறக்கி வைக்கச் சொல்வதுபோலத்தான். எங்கள் குடும்பத்தில் அந்த உறவினர் நான். போர்ட் பிளேரின் டெய்ரி ஃபார்ம் பகுதியில் எங்கள் வீட்டு மாடிப்படியில் நின்றால் சிக்னல் முழுதாகக் கிடைக்கும். அது ஒன்றே என் தகுதி.

தொடக்கத்தில் அது பாரமாக இல்லை. கட்சால் தீவில் ரப்பர் தோட்டத்து வேலையிலிருக்கும் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவருக்குக் கப்பல் டிக்கெட் பதிவான செய்தி எப்போதாவது வரும். அவர் கூப்பிட்டு, "அக்கா, டிக்கெட் விழுந்திருச்சுங்களா?" என்பார். விழுந்திருக்கும், அல்லது விழுந்திருக்காது. அவ்வளவுதான். லாங் ஐலண்ட் என்ற சிறு தீவில் இருக்கும் என் நாத்தனார் தன் வீட்டை ஒட்டி இரண்டு அறைகள் கட்டி, விடுமுறைக்கு வரும் பயணிகளுக்காக ஒரு முன்பதிவு இணையதளத்தில் போட்டபோதுதான் என் பகல்கள் எனக்குச் சொந்தமில்லாமல் போயின.

அவள் வீட்டில் தரைவழித் தொலைபேசி உண்டு. மனம் வைத்தால் அதில் இணையமும் வரும். கைபேசிக்குச் சிக்னல் ஜெட்டியருகே மட்டும்தான். எனவே கணக்கில் என் எண். முதலில் கடவுச்சொல் போதுமானதாக இருந்தது. பிறகு தளத்துக்காரர்கள், உள்ளே நுழைய ஒவ்வொரு முறையும் கைபேசிக்கு வரும் ஆறிலக்க எண்ணையும் தட்ட வேண்டும் என்று வைத்துவிட்டார்கள். அறையை மூட, திறக்க, விருந்தாளிக்குப் பதில் எழுத, எல்லாவற்றுக்கும் அந்த எண் தேவைப்பட்டது.

சீசன் தொடங்கினால் மத்தியானச் சோறு ஆறிப்போகும்.

"அண்ணி, வந்துச்சா?"

"இன்னும் வரலம்மா."

"ஜல்தி பாருங்க அண்ணி, இங்க நெட்டு போயிரும்."

எண் வரும். சொல்வேன். கடைசி இலக்கத்தைச் சொல்லும்போது அவள் பக்கம் இணையம் அறுந்திருக்கும். "அரே யார், மறுபடி முதல்லேர்ந்தா!" என்று அவள் கணினியை ஏசுவது கேட்கும். மறுபடியும் எண் வரும். பள்ளி நூலகத்தில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். ஒருவர் கேட்பதை எடுத்துக் கொடுப்பது எனக்குப் புதிதன்று. ஆனால் நூலகத்துக்குப் பூட்டும் நேரம் என்று ஒன்று இருந்தது.

அந்தப் பூட்டை வெறுக்கவும் என்னால் முடியவில்லை. ஒரு நாள் யாரும் கேட்காமலே எண் வந்தது. நாத்தனாரைக் கூப்பிட்டேன்.

"இப்ப நீ உள்ள போனியா?"

"இல்லையே அண்ணி, நான் மீன் கழுவிட்டு இருக்கேன். கையெல்லாம் செதிலு."

நாங்கள் பேசி முடிப்பதற்குள் வேறோர் அழைப்பு. தேன் தடவிய இந்தியில் ஓர் ஆண்குரல், தளத்தின் அலுவலகத்திலிருந்து பேசுவதாகவும், என் கணக்கைக் காப்பாற்றவே அந்த எண் தேவைப்படுவதாகவும் சொன்னது. நான் இணைப்பைத் துண்டித்துவிட்டு, நாத்தனாரைக் கடவுச்சொல்லை மாற்றச் சொன்னேன். எவனிடமோ அவள் சாவி இருந்திருக்கிறது. என் கையிலிருந்த இரண்டாவது சாவிதான் அவனை வாசலில் நிறுத்தியது. அன்று அவளிடம் கண்டிப்பாகச் சொன்னேன்: தெரியாத எண்ணிலிருந்து யார் கேட்டாலும், அழுது கேட்டாலும், சொல்லக்கூடாது. குரலைக்கூட நம்பக்கூடாது, இப்போது குரலையும் திருடுகிறார்களாம்.

அந்த ஆண்டுதான் கணவருக்குப் பணி ஓய்வு. நாங்கள் மெயின்லேண்டுக்குப் போனதெல்லாம் கல்யாணத்துக்கு, சாவுக்கு, ஆஸ்பத்திரிக்கு. ஊரார் எல்லோரும் விடுமுறைக்கென்று எங்கள் தீவுக்கு வந்து போக, நாங்கள் விடுமுறை என்று எங்கும் போனதில்லை. கொடைக்கானலில் ஒரு சிறிய வீட்டை நானே அதே தளத்தில் பதிவு செய்தேன். என் விருப்பம் மிகச் சிறியது: யாரும் எண் கேட்காத சில பகல்கள்.

ஆனால் சென்னைக் கப்பலில் நடுக்கடல் முழுவதும் சிக்னல் கிடையாது. சீசன் நேரத்தில் நாத்தனாரின் அறைகள் அத்தனை நாள் பூட்டிக்கிடக்கும். "உன் நம்பரையே போட்டுடலாமேம்மா," என்றேன்.

"ஜெட்டி வரைக்கும் யாரு நடக்கறது? அடுப்புல சோறு இருக்கும். நீங்க போனை வச்சிட்டுப் போங்க அண்ணி, நான் வந்து டெய்ரி ஃபார்ம்ல உக்காந்துக்கறேன். அறைகளை அவரு பாத்துப்பாரு, கேக்கறப்ப நான் நம்பர் சொல்லிடறேன். நான் என்னைக்கு ப்ளேர்ல ராணி மாதிரி இருந்தேன்?"

அப்படியே ஆயிற்று. அவள் படகில் வந்தாள். நான் என் கைபேசியை அவளிடம் கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறினேன். கடலில் இருந்த பொழுதெல்லாம் தூங்கினேன். விழித்தபோது கை தானாகத் தலையணைக்கு அடியில் துழாவியது. அங்கே ஒன்றும் இல்லை என்பதை உணர்ந்து மறுபடி தூங்கினேன்.

கொடைக்கானலை அடைந்தது ஒரு மழை பெய்யும் பிற்பகலில். வீட்டில் ஆள் இல்லை. கதவில் எண் பொத்தான்கள் வைத்த பூட்டு. கதவின் எண், வந்து சேரும் நாளில் தளத்துக்குள் நுழைந்தால்தான் தெரியும். கணவரின் சிம் அந்த மலையில் எடுபடவில்லை; எதிரே இருந்த டீக்கடையில் வைஃபையைக் கேட்டு வாங்கி, கணவரின் கைபேசியில் நுழைய முயன்றேன். புதிய கருவி என்று கண்டுகொண்ட தளம், என் பாதுகாப்புக்காக, என் கைபேசிக்கு ஆறிலக்க எண்ணை அனுப்பிவிட்டதாகத் தெரிவித்தது. அந்தக் கைபேசி டெய்ரி ஃபார்மில் இருந்தது. எல்லோருடைய நுழைவையும் நினைத்து ஏற்பாடு செய்த நான், என்னுடையதை நினைக்கவே இல்லை.

பேசவும் கணவரின் சிம்மில் வழியில்லை. டீக்கடைக்காரரின் கைபேசியை வாங்கி என் எண்ணுக்கே அழைத்தேன்.

"கோன்? யாரு?" என்றாள் நாத்தனார்.

"நான்தாம்மா. இப்ப ஒரு ஓடிபி வந்திருக்கும், அதைச் சொல்லு."

இணைப்பு துண்டிக்கப்பட்டது. கடைக்காரர் கிளாஸைத் துடைத்தபடி என்னைப் பார்த்தார். மறுபடி அழைத்தேன்.

"பாருங்க, நான் போலீஸ்ல சொல்லிருவேன். எங்க அண்ணி மாதிரியே பேசினா நான் ஏமாந்துருவேனா?"

"உங்க அண்ணியேதாம்மா. மழையில நிக்கிறோம்."

"அப்படித்தான் அழுவீங்கன்னு அண்ணி சொல்லியிருக்காங்க."

கணவர் கைபேசியை வாங்கி, "ஏய், நான் அண்ணன்டி!" என்று அதட்டினார்.

"ஓஹோ, ரெண்டு பேரா வந்திருக்கீங்களா? சரி, அந்தம்மாகிட்ட குடுங்க." அவள் குரலில் ஒரு விசாரணை அதிகாரி புகுந்திருந்தாள். "எங்க அண்ணி கல்யாணத்துல நான் என்ன கலர் பாவாடை கட்டியிருந்தேன்? சொல்லுங்க."

மழை, களைப்பு, காலாவதியாகிக்கொண்டிருக்கும் எண். இருந்தும் எனக்குச் சிரிப்பு வந்தது.

"நீ கல்யாணத்துக்கே வரல. மௌசம் கராப், கடல் சரியில்லன்னு கப்பலு ரெண்டு நாள் லேட்டு. நீ வந்து இறங்கறப்ப பந்தலைப் பிரிச்சாச்சு. மிச்சமிருந்த லட்டைத் தின்னுட்டு, எனக்கு ஏன் காத்திருக்கலன்னு என்கிட்ட சண்டை போட்ட."

"அண்ணி," என்றாள், பழைய குரலில். "அந்த நம்பரு செத்துப் போச்சு. மறுபடி அனுப்பச் சொல்லுங்க."

"பாப்பா நல்லா காவல் காக்குதுங்க," என்றார் கடைக்காரர். பாப்பாவுக்கு ஐம்பது வயதாகிறது என்று நான் சொல்லவில்லை. புதிய எண் வந்தது. அவள் நிதானமாக, இரண்டு முறை சொன்னாள். அழைப்பை முடிக்குமுன் தயங்கினாள்.

"அண்ணி, இங்க இத்தனை பேரு கேக்கறாங்க. நேத்து சாப்பிடவே விடல. எங்க வீட்டுக்காரரு பத்து தடவை கூப்பிடறாரு. நீங்க ஒருநாளும் சொல்லலியே?"

"பழகிடுச்சும்மா," என்றேன்.

"நீங்க வந்ததும் என் நம்பருக்கு மாத்திருவோம். நான் ஜெட்டிக்கு நடந்துக்கறேன்."

கதவு திறந்தது. அறை குளிர்ந்திருந்தது. கணவர் ஈரக் காலுறைகளைக் காயப்போட்டுக்கொண்டிருக்கும்போதே நான் உறங்கிப்போனேன்.

திரும்பி வந்ததும் மாற்றினோம். எண்ணை மாற்றவும் என் கைபேசிக்கு ஒன்று, அவளுடையதற்கு ஒன்று என இரண்டு எண்கள் வந்தன. அருகருகே உட்கார்ந்திருந்ததால் முடிந்தது. வெவ்வேறு தீவுகளில் இருந்திருந்தால் முடிந்திருக்காது. கைபேசியும் அதற்குரியவரும் எப்போதும் ஒரே இடத்தில் இருப்பார்கள் என்று நம்புகிறவர்கள் அமைத்த பூட்டு அது. அவர்களைக் குறை சொல்லும் தெம்பும் எனக்கு இல்லை. அந்தத் தேன்குரலை நான் மறக்கவில்லை. இனி யாரேனும் நாத்தனாரின் வாசலைத் தட்டினால், அவள் ஜெட்டிக்குப் போகும்வரை யாருக்கும் தெரியாது.

இப்போது என் மத்தியானங்கள் அமைதியாக இருக்கின்றன. போன வாரம் அவள் ஜெட்டியிலிருந்து கூப்பிட்டாள். காற்று இரைந்தது. ஒரு குடும்பம் அறை கேட்டு எழுதியிருக்கிறது. எண் தாமதமாக வந்ததால் அவளால் பதில் எழுத முடியவில்லை. அவர்கள் வேறிடம் போய்விட்டார்கள்.

"மறுபடி என் நம்பரையே போட்டுக்கறியா?" என்றேன்.

அவள் யோசித்தாள். படகின் சங்கு ஒலித்து அடங்கும்வரை யோசித்தாள்.

"வேணாம் அண்ணி," என்றாள். "ஜானே தோ, போனா போகட்டும். நீங்க கொஞ்சம் கண்ணசருங்க."