தொங்கின காதும் தனம் அக்கா கொண்டாந்த அட்டையும்

2014, ஆடி மாசம் ரெண்டாவது வெள்ளிக்கிழமை. காலையில பத்து மணிக்கு என் வூட்டுக்காரரோட அண்ணன் அருவாளால என் இடது காதை வெட்டினான்.

என் பேரு விஜயா. வடக்குத்துல வூடு. இங்க அங்காளம்மன் கோயில்ல விளக்கு போட வந்திருக்கிற உங்கள்ல பாதிப் பேரோட நிலக்கரி மைன்ஸ் குவார்ட்டர்ஸ்ல நான் பாத்திரம் தேய்ச்சிருக்கேன்.

அன்னைக்கு என் வூட்டுக்காரருக்கு மைன்ஸ்ல ஃபர்ஸ்ட் ஷிஃப்ட். பக்கத்து வூட்டுல அவரு அண்ணன் தன் பொண்டாட்டியை அடிச்சிக்கினு இருந்தான். என் ஓரகத்தி, தனம் அக்கா. அடிக்கிறது புதுசில்லை. அன்னைக்கு முடியைப் பிடிச்சுத் தலையை அம்மிக்கல்லுல மோதுற சத்தம் கேட்டுது. ஓடிப்போய் நடுவுல விழுந்தேன்.

"நீ யாருடி கேக்கறதுக்கு?"

கூரையில சொருவியிருந்த அருவாளை உருவினான். கழுத்துக்குத்தான் வீசினான். தலையைத் திருப்பினேன், காதுல விழுந்துச்சு. ஒரு துண்டு தோல்ல காது தொங்கிக்கினு தோளைத் தட்டுது. வாயெல்லாம் ரத்தம். தனம் அக்கா உள்ள ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கினாங்க. கதவை அடிச்சேன், திறக்கலை. தெரு ஜனம் கூடவும் அவன் ஓடிட்டான்.

பாண்டிச்சேரியில ஒரு பெரிய ஆஸ்பத்திரியில காதைத் தெச்சு ஒட்டினாங்க. மறுநாளே நாவப்பழமாட்டம் கறுத்து வீங்கிடுச்சு. டாக்டரம்மா சொன்னாங்க: "காதுக்குள்ள ரத்தம் போவுது, திரும்பி வர வழியில்லை. விட்டா அழுகிடும். அட்டைப்பூச்சி விட்டு அந்த ரத்தத்தை உறிஞ்சணும். சுத்தமா வளர்த்த அட்டை வேணும், இங்க இப்ப இல்லை."

விழுப்புரம் பக்கம் ஒரு சித்த மருத்துவமனையில இருக்குதுன்னு சீட்டு எழுதிக் குடுத்தாங்க. போவ ஆளில்லை. வூட்டுக்காரரு கேஸ் குடுக்க போலீஸ் ஸ்டேஷன் போயிருந்தாரு, செல்லுல கிடைக்கலை.

கண்ணை மூடிக் கத்தினேன். "அங்காளம்மா! அவன் கை அழுகி விழணும். அவன் குடலை உருவி மாலையாப் போட்டுக்கோ. கதவை மூடினவளும் நாசமாப் போவணும். என் காதை எனக்குக் குடு!" நான் பண்ண வேண்டுதல் அதாங்க. உங்ககிட்ட மறைக்க மாட்டேன்.

கண்ணைத் திறந்தா தனம் அக்கா நிக்கிறாங்க. ஒரு கண்ணு வீங்கி மூடிப்போய் இருக்குது. சொம்பை எடுத்து மூஞ்சியில வீசினேன். உதடு கிழிஞ்சு ரத்தம் கொட்டுச்சு. அவங்க அழலை. முந்தானையால துடைச்சிக்கினு கேட்டாங்க.

"சீட்டைக் குடு விஜயா. நான் போறேன்."

"உன் புருஷன் உன்னையும் வெட்டுவான்."

"ஆஸ்பத்திரி பக்கம் போனா கொன்னுடுவேன்னு போன்ல சொல்லிட்டான். கொல்லட்டும்."

பஸ் ஏறிப் போய், சாயந்திரத்துக்குள்ள அட்டைங்க நெளியற தண்ணி டப்பாவை மடியில கட்டிப் பிடிச்சிக்கினு வந்துட்டாங்க.

அட்டையைக் காதுல விட்டாங்க. சுருக்குன்னு ஒரு கடி, அவ்ளோதான். குடிச்சுக் குடிச்சு விரல் தடிமன் ஆயி, தானா விழுந்துது. ஒருத்தருக்கு விட்டதை இன்னொருத்தருக்கு விடக்கூடாதாம். நர்ஸ் ஸ்பிரிட்டுல போட்டாங்க, துடிச்சுச் செத்துது. அதோட எச்சிலு ரத்தத்தை உறைய விடாதாம். கடிச்ச எடத்துல மணிக்கணக்கா கறுப்பு ரத்தம் வடிஞ்சு தலகாணி ஊறிப்போச்சு. எனக்கு ரெண்டு தடவை ரத்தம் ஏத்தினாங்க. ஆறு நாளு இதே கதை. ஆறு நாளும் தனம் அக்காதான் துணி மாத்தினாங்க. நான் மூஞ்சியைச் சுவத்துப் பக்கம் திருப்பிக்கினு படுத்திருந்தேன்.

ஏழாம் நாளு டாக்டரம்மா காதை அழுத்தி விட்டாங்க. வெளுத்து, மறுபடி சிவந்துது. "பொழைச்சிக்கிச்சும்மா"ன்னாங்க. தனம் அக்கா கட்டில் காலைப் பிடிச்சிக்கினு தரையில உக்காந்து ஓன்னு அழுதாங்க. "பயந்துட்டேன்டி. கதவைத் திறந்தா என்னையும் வெட்டுவான்னு பயந்துட்டேன்." அப்பதான் அவங்க கையைப் பிடிச்சேன்.

அவன் பிடிபட்டான். கோர்ட்டுல தனம் அக்கா கூண்டுல ஏறி நின்னு, "என் புருஷன்தான் வெட்டினாரு, நான் பார்த்தேன்"னு சொன்னாங்க. அவன் அங்கயே கெட்ட வார்த்தையில கத்தினான். இப்ப ஜெயில்ல இருக்கான். அவன் கை அழுகலை. நான் கேட்டதுல காதை மட்டும்தான் அம்மா குடுத்தா. மத்ததை நானும் கேக்கறதை விட்டுட்டேன். தனம் அக்கா எங்க வூட்டோட இருக்காங்க. அதோ, பின்வரிசையில தலையைக் குனிஞ்சிக்கினு உக்காந்திருக்காங்க.

அம்மாகிட்ட கேளுங்க. கோவத்தோட கேளுங்க, திட்டிக்கினே கூட கேளுங்க. அவ காதுல விழும். ஆனா யாரை அனுப்புவான்னு நமக்குத் தெரியாது. நீங்க யாரை நாசமாப் போவணும்னு சொன்னீங்களோ அவங்களே வந்து நிக்கலாம். என்னை மாதிரி சொம்பை எடுக்காதீங்க. சீட்டைக் குடுத்துடுங்க.