சிவப்பில் வந்த கலியாண மண்டபம்

அப்போது கொழும்பில் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் வேலை செய்தேன். எங்கள் மாவட்டத்தில் சிறிய விமானங்கள் இறங்கும் ஓடுபாதைக்குப் புதிய வான்வழி திட்டமிடுவது வேலை. பழைய வழிகாட்டிக் கருவிகளைக் கழற்றிவிட்டு, இனி வானத்திலுள்ள செய்மதி காட்டும் வழியை நம்பிப் பறப்பதாம். எந்தக் கட்டடம் வழியை மறிக்கிறதென்று மென்பொருள் சொல்லும்: மறித்தால் சிவப்பு, இல்லாவிட்டால் பச்சை. உயரங்களை அளந்து கொடுப்பவள் நான். கல்முனை என் சொந்த ஊர் என்பதால் அந்தப் பகுதியை என் தலையில் கட்டினார்கள்.

பிரதான வீதியில் ஒரு ஹாஜியாரின் கலியாண மண்டபம். உச்சியில் பெரிய குமிழ், அதற்கும் மேலே இடிதாங்கி. நேரெதிரே அவருடைய சொந்தத் தம்பியின் புடவைக்கடை. இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. மண்டபத்தை அளந்து, கையிலிருந்த டெப் கணினியில் போட்டதும் சிவப்பாகியது.

தயங்கித் தயங்கிச் சொன்னேன். "ஹாஜியார், பிளேன் வாற வழிய உங்கட மண்டபம் மறிக்கிதாம்."

அவர் முகமெல்லாம் சிரிப்பு. "பிளேனையே மறிக்கிதா? மாஷா அல்லாஹ்! தம்பிட கடை?"

"அது பச்சை. பிரச்சினையில்ல."

"ஓம், அது எங்க மறிக்கப் போகுது!" உள்ளேயிருந்து எனக்கு இனிப்பான வட்டிலப்பம் வந்தது.

மாலை அஸர் தொழுகைக்குள் கடைத்தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. ஹாஜியாரின் தம்பி எங்கள் வீடு தேடி வந்து உம்மாவிடம் முறையிட்டார். "உங்கட மகள் என்ட கடைய ஒரு கணக்குலயும் எடுக்கல்லயே!"

சில நாட்களில் தம்பியின் கடைக்கு மேல் ஓர் இரும்புக் கம்பம் எழும்பியது. "இப்ப அளந்து பாருங்க, புள்ள" என்றார். அளந்தேன். சிவப்பு. சந்தோஷத்தில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

கொழும்புக் கூட்டத்தில் திரையில் இரண்டு சிவப்புப் புள்ளிகள். போன முறை இல்லாத கம்பம் எங்கிருந்து முளைத்ததென்று மேலதிகாரி கேட்டார். நான் அளவுத்தாளைப் புரட்டத் தொடங்கினேன். ஒருவர் பொத்தானைத் தட்டினார். வழி கடலுக்கு மேலே நகர்ந்தது. கல்முனை முழுவதும் பச்சை. எல்லோரும் தேநீருக்கு எழுந்தார்கள்.

ஊருக்கு வந்ததும் விஷயத்தை ஹாஜியாரிடம் சொன்னேன். மனிதர் வாடிப்போனார்.

"கடலுக்கு மேலால போனா ஆரு பாக்கிற? மீனா?" என்றார். பிறகு எதிர்க்கடையை ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அப்ப தம்பியும் பச்சையா, மகள்?"

"ஓம், ஹாஜியார்."

"அப்ப பரவாயில்ல" என்று சொல்லிவிட்டு லுஹர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போனார்.