ஹம்பி நரசிம்மருக்கு மட்டையோடு போன தேங்காய்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் சாமி விஷயம் எழுதிப் பிசகிவிட்டால் என்ன செய்வது என்ற பயம். வெட்கமும் உண்டு.

எழுபதுகளில் அந்தமானில், போர்ட் பிளேர் டெலானிபூர் குவார்ட்டர்ஸில் இருந்தோம். எனக்கு அரசு ஸ்டோரில் வேலை. திடீரென்று, கப்பலில்தான் போகவேண்டிய தென்கோடித் தீவிலுள்ள கேம்பல் பே என்ற ஊருக்கு மாற்றல் வந்தது. கப்பலைக் கண்டாலே வாந்தியெடுக்கும் என் மனைவி காலண்டரில் இருந்த ஹம்பி நரசிம்மரிடம், "மாற்றல் நின்னா நம்ம மரத்துக் காயை உங்க முன்னால வந்து உடைக்கிறேன்" என்று வேண்டிக்கொண்டாள். ஆர்டர் ரத்தானது. ஒரு கப்பல் பயணம் தப்பியதற்கு நன்றி சொல்ல, இன்னொரு கப்பலில் மெட்ராஸ் வரை வாந்தியெடுத்துக்கொண்டே வந்தாள்.

ஹம்பி கோயில் நகரம் என்றதும் தெருவெல்லாம் மேளமும் அர்ச்சகரும் இருக்கும் என்று நம்பியிருந்தோம். பெரிய கோயில் ஒன்றில்தான் பூஜை நடந்தது. மற்றதெல்லாம் பாறையும் சாய்ந்த தூணும். நரசிம்மர் கூரையில்லாமல், கைகள் உடைந்து, வெயிலில் உட்கார்ந்திருந்தார்.

"பின்னமான மூர்த்திக்குப் படைக்கக் கூடாதுடி. பெரிய கோயில்லயே உடைச்சிடலாம்" என்றேன்.

"மாற்றலை நிறுத்தினது இவரு. காய் இன்னொருத்தருக்கா? கை போனா என்னங்க, முழியைப் பாருங்க!"

காயை உடைக்கும்வரை சாப்பிட மாட்டேன் என்று காலையிலிருந்து பட்டினி அவள். ஆனால் காய் கெடாமலிருக்க மட்டையோடு கொண்டுவந்திருந்தோம். தீவில் வீட்டுக்கு வீடு உரிப்பதற்குக் கூரான இரும்பு நட்டிருக்கும். இங்கே எதைக்கொண்டு உரிப்பது? விழுந்து கிடந்த தூணில் ஓங்கி அடித்தேன். என்ன பண்ணுகிறாய் என்று ஹிந்தியில் கத்திக்கொண்டு காவலாளி ஓடிவந்தார்.

"அரே! கியா கர்தா ஹை?"

"பாயி, பீவி பூக்கா ஹை" என்று மனைவியின் பட்டினியை எங்கள் தீவு ஹிந்தியில் சொன்னேன்.

அவர் என் தொப்பையைப் பார்த்தார். "ஆப் நஹீ?" என்றார், நீங்கள் பட்டினியில்லையா என்று.

காலையில் நான் தின்ற ஆறு இட்லியை எப்படிக் கண்டுபிடித்தாரோ! சிரித்துக்கொண்டே போய், சுவர் பழுதுபார்க்கும் ஆட்களிடமிருந்து கடப்பாரை வாங்கிவந்தார். என் மனைவி அதன் கூர் மேலே நிற்கும்படி கற்களுக்கிடையில் இறுக்கி நட்டு, மூன்றே திருகலில் மட்டையைக் கழற்றினாள். வேலையாட்கள் வேலையை விட்டு வந்து நின்றார்கள்.

காயை ஒரு கல்லில் உடைத்து இரண்டு மூடியையும் ஏந்தினாள். எங்கிருந்தோ பாய்ந்த குரங்கு ஒரு மூடியைப் பறித்துக்கொண்டு சாமி மடியில் ஏறி உட்கார்ந்தது. நான் விரட்டக் கையை ஓங்கினேன். அவளோ கண்ணில் நீரோடு, "சாப்பிடுறாரு பாருங்க!" என்றாள். மீதி மூடியை எல்லோருக்கும் கொடுத்துத் தானும் தின்றாள்.

ஊர் திரும்பியதும் பஜனையில் விசாரித்தார்கள். குரங்கு என்று சொல்லக் கூச்சப்பட்டு, "நீட்டினா, ஒரு கை வந்து வாங்கிக்கிச்சு" என்றேன். ஒரே வாரத்தில் ஃபீனிக்ஸ் பே படகுத்துறையில் ஒருவர் என்னிடமே, "சாமிக்குக் கை முளைச்சுதாமே!" என்றார். மாற்றல் ஆர்டரோடு பெண்கள் என் மனைவியிடம் ஆசி வாங்க வந்தார்கள்.

"குரங்கை ஏங்க மறைச்சீங்க? இவங்க முகத்துல நான் எப்படி முழிப்பேன்?" என்று அழுதாள். சொன்னதை யாரிடமும் திருத்திச் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. அவள் மனம் இன்றும் ஆறவில்லை.

படிப்பவர்களே, யாரிடம் சொன்னாலும் நடந்தபடியே சொல்லுங்கள். வாங்கியது குரங்கின் கை. அதனால் சாமி வாங்கவில்லை என்று ஆகிவிடாது. ஒன்றையும் கூட்டாதீர்கள். தயவுசெய்து குரங்கை விட்டுவிடாதீர்கள்.