கேட்டைத் தாண்டிய நாற்று

சுரங்க நிறுவனத்தின் குவார்ட்டர்ஸ் குழாயில் வரும் தண்ணீரை டவுன்ஷிப் எல்லைக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. மீறினால் வீட்டு ஒதுக்கீடு ரத்து. எங்கள் வீட்டில் இந்த விதி எல்லோருக்கும் மனப்பாடம். அப்பா ஒதுக்கீட்டுப் பிரிவில் எழுத்தர்; அதைத் தட்டச்சு செய்தவரே அவர்தான்.

நான் அப்போது நான்காம் வகுப்பு. அம்மாவின் தம்பி, என் மாமா, சேத்தியாத்தோப்புக்கு அருகே அரை ஏக்கர் வைத்திருந்தார். அந்த ஆண்டு வாய்க்காலில் தண்ணீர் வரத் தாமதமாகி, நாற்றங்கால் காய்ந்துகொண்டிருந்தது. அது போனால் சம்பா போச்சு. சம்பா போனால் நிலத்தை வேறொருவரிடம் விட்டுவிட்டு, கான்ட்ராக்ட் வேலைக்கு அவர் சுரங்கத்து வாசலில் நிற்க வேண்டியதுதான். எங்கள் தெருவிலோ, நிலக்கரி வெட்டுவதற்காகச் சுரங்கத்திலிருந்து இறைத்த தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். குழாயை மூட மறந்தால்கூட யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

மாமா மாட்டுவண்டியில் இரண்டு டிரம்களோடு வந்து எங்கள் குழாயில் நிரப்பிக்கொண்டார். கேட் வரை சவாரி போகலாமென்று நானும் ஏறிக்கொண்டேன். கேட்டில் காவலர் வண்டியை நிறுத்தி, டிரம்களைக் கவிழ்க்கச் சொன்னார். தண்ணீர் சாலையோரச் சாக்கடையில் ஓடியது. சாக்கடையில் விடக் கூடாது என்று விதி எதுவும் இல்லை.

அன்று மாலை அப்பா, சிறப்பு அனுமதி கோரி, உரிய அலுவலர் வழியாக, மூன்று பிரதிகளில் மனு எழுதினார்.

"பதிலு எப்பங்க வரும்?" என்று மாமா கேட்டார்.

"முறைப்படி வரும், மாப்ள."

"பயிரு காஞ்சிகினு கெடக்குது. அதுங்கிட்ட யாரு போயி முறையச் சொல்றது?"

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மா திரும்பிப் பார்த்தாள். "தண்ணிதான வெளிய போவக் கூடாது? நாத்த இங்கயே வுட்டுடலாம். வெதைய எடுத்தாடா."

எங்கள் கொல்லை போதவில்லை. பக்கத்து குவார்ட்டர்ஸில் இருந்த திருநெல்வேலிக்கார அத்தை தன் கத்தரிச் செடிகளைப் பிடுங்கி இடம் கொடுத்தார். "இந்தக் கத்தரிக்கா கெடந்தா என்ன, கெடக்காட்டா என்ன? நெல்லத் தெளிங்க."

அப்பா விதிகளைப் புரட்டினார். தோட்டம் போடலாம் என்று இருந்தது; இன்ன பயிர் கூடாது என்று இல்லை. அவர் ஒப்புதல் எதுவும் தரவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து ஜெனரல் ஷிஃப்டுக்குக் கிளம்பும் முன் அவர்தான் ஹோஸ் பிடித்தார்.

வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்ட செய்தி கிடைத்தபோது நாற்று நடவுக்குத் தயாராக இருந்தது. பிடுங்கிக் கட்டி வண்டியில் ஏற்றினோம். கேட்டில் அதே காவலர்.

"என்னய்யா இது?"

"நாத்துங்க," என்றார் மாமா.

"தண்ணி கிண்ணி?"

"வேர்ல கொஞ்சம் ஈரம் இருக்குதுங்க. புழிஞ்சி வச்சிட்டுப் போவட்டுங்களா?"

காவலர் சிரிக்காமல் கையை அசைத்தார்.

அறுவடை முடிந்து மாமா இரண்டு மூட்டை புது அரிசியோடு வந்தார். உள்ளே வரும் வண்டியை யாரும் நிறுத்தவில்லை. காலையில் வரும் பாலையும், வடலூர்ப் பக்கத்துக் கீரையையும், லாரியில் வரும் நெல்லிக்குப்பம் சர்க்கரையையும்கூட யாரும் நிறுத்தியதில்லை. மாமாவுக்கு நாங்கள் தண்ணீர் கொடுத்துக் காப்பாற்றிவிட்டோம் என்று நான் பள்ளிக்கூடத்தில் பெருமையடித்துக்கொண்டேன். அவர் மறுக்கவும் இல்லை.

2014-இல் ஓய்வு பெற்று வடலூரில் குடியேறிய பிறகுதான் 'மறைநீர்' என்ற சொல்லை நாளிதழில் படித்தேன். ஒரு பொருளை விளைவிக்கச் செலவாகும் தண்ணீர், அந்தப் பொருளோடு சேர்ந்தே ஊர்விட்டு ஊர் போகிறதாம். மாமாவின் ஒரு மூட்டை அரிசிக்குள் அவருடைய டிரம்கள் எத்தனை என்று கணக்குப் போட உட்கார்ந்து, பாதியில் நிறுத்திவிட்டேன். அத்தனை டிரம்மை ஏற்ற எங்கள் தெரு நீளத்துக்கு வண்டி நிற்க வேண்டியிருந்தது. நான்காம் வகுப்பில் அது எனக்குத் தெரியாது, காவலருக்கும் தெரிந்திருக்காது. விதியைத் தட்டச்சு செய்தவருக்குத் தெரிந்திருந்ததா என்று கேட்க, இப்போது அவர் இல்லை.

அப்பாவின் மனு நிராகரிக்கப்பட்டது. டவுன்ஷிப் தண்ணீர் டவுன்ஷிப்வாசிகளுக்கு மட்டுமே என்றும், வெளியூர் விவசாயத்தோடு அதற்குச் சம்பந்தமில்லை என்றும் எழுதியிருந்தது. மாமாவின் அரிசியில் வடித்த முதல் சோற்றை அப்பா டிபன்கேரியரில் ஆபீசுக்குக் கொண்டுபோன அன்று, மாசி மகத்துக்கு மறுநாள், அந்தப் பதில் அவர் மேசைக்கு வந்தது.