எது இல்லை என்று கேட்டவர்

வெள்ளிக்கிழமை பிற்பகல் ஒரு மலையாள வாக்குமூலத்தைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். நடுவில் 'தட்டடி' என்று ஒரு சொல் வந்தது. கான்கிரீட் போடுவதற்கு முன் பலகை அடிக்கும் வேலை என்று தெரியும். ஆனால் நம் கொத்தனார்கள் அதை எப்படிச் சொல்வார்கள் என்பதில் சந்தேகம். கோமதியிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று பென்சிலால் கோடு போட்டேன். அப்போதுதான் அலுவலகத்திலிருந்து, எங்களோடு வேலை செய்யும் பிந்து அழைத்தாள்.

"சாரே, ஆஸ்பத்திரியில நின்னு விளிச்சு. நம்மட கோமதி சேச்சி போயி."

கோமதி இறந்துவிட்டார் என்று ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்துச் சொல்லியிருக்கிறார்கள்.

கோமதியை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வஞ்சியூரில் எங்கள் சட்ட உதவி மையத்துக்கு வந்து போன தமிழர்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். கட்டட வேலைக்கும் ஹோட்டல் வேலைக்கும் இந்த ஊருக்கு வந்து, அடிபட்டோ ஏமாந்தோ ஒரு விசாரணைக் கூடத்தில் நிற்க நேர்ந்தவர்களுக்கு, அங்கே பேசப்படும் மலையாளத்தைத் தமிழாகவும் அவர்களுடைய தமிழை மலையாளமாகவும் சொன்னவர் அவர். நான் காகிதத்தில் மொழிபெயர்ப்பவன். அவர் வாயால் மொழிபெயர்ப்பவர். பக்கத்துப் பக்கத்து மேசை. அவர் அப்பா திருநெல்வேலியிலிருந்து, இங்கே 'சாலை' என்று சொல்லும் கடைத்தெருவுக்கு ஜவுளி விற்க வந்தவர். கோமதி பிறந்தது, படித்தது எல்லாம் இங்கேதான். "மலையாளத்துல கணக்குப் போடுவேன், தமிழ்ல சண்டை போடுவேன்" என்பார். இரண்டையும் பார்த்திருக்கிறேன். இரண்டிலும் அவரை வெல்வது கஷ்டம்.

விசாரணைகள் கணினித் திரைக்கு மாறிய பிறகுதான் அவருக்கு மடிக்கணினி மீது கோபம் வந்தது. இரண்டு பஸ் மாறி வந்து காத்திருக்கும் ஒரு பெண்ணிடம் 'நெட் இல்லை, அடுத்த மாதம் வாருங்கள்' என்று மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருந்தவர் அவர்தான். மூன்று நான்கு முறை சொன்னார். பிறகு சொல்ல மறுத்துவிட்டார். சாலைக் கடைத்தெருவில் கணினி பழுது பார்க்கும் கடை ஒன்றில், தம் அப்பாவைத் தெரிந்தவர்களாம், போய் உட்கார்ந்து கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்தார். அன்று முதல் எங்கள் அலுவலகத்தில் யாரும் 'நெட் இல்லை' என்று சொல்லித் தப்ப முடியவில்லை.

"நெட் இல்லன்னு சொல்லாதீங்க. எது இல்லன்னு சொல்லுங்க."

ஒருநாள் என்னையே பிடித்துக்கொண்டார். என் மடிக்கணினியில் ஒரு பக்கமும் திறக்கவில்லை. "உங்க போன்ல வைஃபை வருதா?" வருகிறது என்றேன். "அப்ப சுவர்ல இருக்குற பெட்டி மேல குத்தம் இல்ல. உங்க லேப்டாப்புல வைஃபை ஆன்ல இருக்கா?" பார்த்தேன். மூலையில் அலை வடிவத்துக்குப் பதிலாகச் சின்ன விமானம் ஒன்று நின்றது. பறக்கும் நிலைக்கு மாற்றும் விசையை எப்போதோ என் விரல் தட்டியிருக்கிறது. "ஆகாயத்துல இருக்கீங்க. இறங்கி வாங்க" என்று சொல்லிவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போனார். அதே விசையை இன்னொரு முறை அழுத்தினேன், எல்லாம் வந்தது. போனிலும் வராவிட்டால் பெட்டியைப் பார்க்க வேண்டும், மடிக்கணினியில் இணைந்திருந்தும் ஒன்றும் திறக்காவிட்டால் கோளாறு அதற்கும் அப்பால் இருக்கிறது என்று பிறகு ஒருமுறை சொன்னார். வாசலிலிருந்து அறை அறையாகத் தேடுவது போலத்தான். தேடும்போது அவர் முகத்தில் பதற்றம் இருந்து நான் பார்த்ததில்லை.

எங்களுக்குள் பெரிய சண்டை வந்தது ஒரு சொல்லுக்காக. திரை வழியாக விசாரணையில் கலந்துகொள்வது எப்படி என்று தமிழ்த் தொழிலாளர்களுக்கு ஒரு பக்கத் துண்டறிக்கை தயாரித்தோம். நான் எழுதினேன். 'உங்கள் கருவியில் அருகலையை இயக்குங்கள்' என்பது என் முதல் வரி. கோமதி படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"சாரே, சாலையில போய் ஒரு கடையில அருகலை வேணும்னு கேளுங்க. அரிவாள் எடுத்துத் தருவான்."

"வைஃபைக்கு நல்ல தமிழ்ச் சொல் அது" என்றேன்.

"நல்ல சொல்லுதான். யாரு இல்லன்னா? காயம் பட்டு வர்றவன் கையில இதைக் குடுத்தா அவன் மொதல்ல அகராதி தேடணும், அல்லே?"

நானும் விடவில்லை. நாம் எழுதாவிட்டால் அந்தச் சொல் எப்படிப் புழங்கும் என்று கேட்டேன். பிந்து இருவருக்கும் டீ கொண்டுவந்து வைக்கும்வரை சண்டை ஓடியது. கடைசியில் துண்டறிக்கை 'வைஃபை' என்றே அச்சானது. அதற்குக் கீழே, சிறிய எழுத்தில், 'அருகலை என்பதும் இதுவே' என்று சேர்த்துக்கொள்ள அனுமதி கொடுத்தார். தோற்றவனுக்கு ஒரு மரியாதை என்றார்.

எப்போதும் அவரே சரி என்று நினைத்துவிட வேண்டாம். பொன்முடி போகும் வழியில் வித்துராவில் தோட்டத் தொழிலாளர்களுக்காக ஒரு முகாம் நடத்தினோம். ஒரு பள்ளிக்கூடத்து அறை. மடிக்கணினியில் அந்தப் பள்ளியின் வைஃபை பெயரே தெரியவில்லை. கோமதி அணைத்தார், போட்டார், பழைய இணைப்புகளை அழித்தார், பக்கத்து அறைக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் பார்த்தார். காலை முழுவதும் போனது. மத்தியானம் சாப்பாட்டுப் பானையோடு வந்த அம்மா, "ராவிலே தொட்டு கரண்ட் இல்லல்லோ" என்றார். காலையிலிருந்தே இல்லையாம். மடிக்கணினி பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது; அணைந்து கிடந்தது பள்ளியின் வைஃபை பெட்டி. வெளிச்சம் நிறைந்த அறை; மின்விசிறி தேவைப்படாத மலைக் குளிர். மின்சாரம் இல்லாததை யாரும் கவனிக்கவில்லை. கோமதி தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். அந்தக் கதையை எங்களைவிட அதிகமாக அவரே சொல்லித் திரிந்தார்.

இப்போது பேச்சியம்மாள் விசாரணையைச் சொல்ல வேண்டும்.

பேச்சியம்மாள் செங்கோட்டைப் பக்கத்துப் பெண். இங்கே ஒரு கட்டடத்தில் சாரத்திலிருந்து விழுந்து அவர் கணவர் இறந்துபோனார்; அதற்கு இழப்பீடு கேட்ட வழக்கு. அன்று அவர் வேலைக்கே வரவில்லை, எங்கோ விழுந்தவரை இங்கே கொண்டுவந்து போட்டார்கள் என்றது ஒப்பந்தக்காரர் தரப்பு. விழுந்ததைக் கண்ணால் பார்த்தவர் ஒருவர்தான், இசக்கிமுத்து என்ற கொத்தனார். அவர் ஊருக்குத் திரும்பியிருந்தார். மறுநாள் வளைகுடாவுக்கு விமானம். அன்று சாட்சி சொல்லாவிட்டால் பிறகு அவரைப் பிடிக்க முடியாது.

கூடத்தின் கணினி பழுதாகி இருந்ததால் எங்கள் மையத்தின் மடிக்கணினியை எடுத்துப் போயிருந்தோம். யாரோ நன்கொடையாகக் கொடுத்த பழைய இயந்திரம். திரையை நிமிர்த்தி வைத்தபோது அதில் வைஃபை இல்லை. எங்கள் இளம் வக்கீல் அனூப் எதையெதையோ அழுத்தினார். தம் போனிலிருந்து ஹாட்ஸ்பாட் கொடுத்தார். அதையும் அந்த இயந்திரம் கண்டுகொள்ளவில்லை. போனிலேயே கேட்டுவிடலாமா என்றார். இரு தரப்பும் சாட்சியின் முகத்தைத் தெளிவாகப் பார்க்க வேண்டும் என்று எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். அது நியாயமும்கூட.

விசாரணை அதிகாரி கோப்பை மூடினார். "லிங்க் இல்லெங்கில் வேற தேதி வெக்காம்."

பேச்சியம்மாளுக்கு மலையாளம் தெரியாது. 'தேதி' புரிந்துவிட்டது. எழுந்து நின்றுவிட்டார். "அம்மா, நாளைக்கு அவரு பிளேன் ஏறிருவாருல்லா? பெறவு எம் புருசன் விழுந்தத யாரு வந்து சொல்லுவா?"

கோமதி அவரைச் சமாதானப்படுத்தவில்லை. அதிகாரியைப் பார்த்து, அந்த இரண்டு கேள்விகளையும் ஒரு சொல் கூடாமல் குறையாமல் மலையாளத்தில் சொன்னார். பிறகு, "இனி பறையிறது என்ட சொந்தம் வாக்கு, சார். அஞ்சு மினிட் தரணம்" என்றார். மொழிபெயர்ப்பாளர் தம் சொந்த வார்த்தையைச் சொல்வது அங்கே வழக்கமில்லை. அதிகாரி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். கையை அசைத்து அனுமதித்தார்.

கோமதி போனைப் பார்த்தார். கூடத்து வைஃபை அதில் இருந்தது. எனவே கோளாறு மடிக்கணினியில். "இது கேக்கவே இல்ல அனூப். காதை மூடிட்டு இருக்கு. அதான் உங்க ஹாட்ஸ்பாட்டும் விழல." கோளாறு தேடச் சொல்லி இயந்திரத்தையே ஏவினார். ஆங்கிலத்தில் ஒரு பெட்டி எழும்பியது. அனூப் பழக்கத்தில் அதை மூடப் போனார். கோமதி அவர் கையைத் தட்டிவிட்டார்.

"சாட்சி பேசும்போது பாதியில நிறுத்துவீங்களா?"

"அது எப்பவும் வரும் சேச்சி, நான் ரெண்டு தடவை மூடினேன்."

"ரெண்டு தடவை அது சொல்ல வந்துருக்கு. கேப்போம்."

முழுவதையும் வாய்விட்டுப் படித்தார். வயர்லெஸ் அணைக்கப்பட்டிருக்கிறது, கணினியின் முன்பக்கத்திலோ பக்கவாட்டிலோ உள்ள சுவிட்சைப் பாருங்கள் என்று அதில் இருந்தது. அப்படி ஒரு சுவிட்ச் இருப்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. கோமதி விரலால் விளிம்பைத் தடவிக்கொண்டே போனார். முன்பக்கத்தில், அடியில், நகக்கண் அளவு ஒரு தள்ளுபொத்தான் அகப்பட்டது. பைக்குள் திணித்தபோது நகர்ந்திருக்க வேண்டும். தள்ளினார். ஒரு நீல விளக்கு எரிந்தது. கூடத்து வைஃபை பெயர் வந்தது, இணைந்தது.

ஆனால் விசாரணைப் பக்கம் திறக்கவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் தொண்டையைச் செருமினார். கோமதி திரும்பிக்கூடப் பார்க்காமல், திரையில் வந்திருந்த எச்சரிக்கையையும் படித்தார். கணினியின் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது என்றது அது. உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி செத்துப்போய், இயந்திரம் பல வருடம் பின்னால் நின்றுகொண்டிருந்தது.

"வருஷமே தப்பு. தேதி தப்பா கொண்டுவந்தா யாரு உள்ள விடுவா?" என்று சொல்லி, தேதியையும் நேரத்தையும் சரிசெய்தார். பக்கம் திறந்தது.

திரையில் இசக்கிமுத்து வந்தார். பின்னால் கயிறு கட்டி முடித்த அட்டைப்பெட்டி. உரக்கப் பேசினார். "நான் பாத்தேன்யா. சாரத்துல எனக்கு மேல நின்னாரு. பலகை சரிஞ்சிச்சு. கைய நீட்டுனேன், எட்டல." குறுக்கு விசாரணையில் ஒரு மணி நேரம் போனது. மனிதர் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. கோமதியும் மாற்றவில்லை. 'எட்டல' என்ற சொல்லையும் அப்படியே மலையாளத்தில் சொன்னார். பேச்சியம்மாளுக்குச் சாதகமாகத்தான் உத்தரவு வந்தது.

போன வாரம் மருத்துவமனையில் அவரைப் பார்த்தேன். இதயத்தில் அடைப்பு. மறுநாள் சிகிச்சை. தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, தம் நாற்காலியைப் பற்றி எனக்கு உத்தரவு போட்டார்.

"எங்க அடைப்புன்னு கண்டுபிடிச்சாச்சு சாரே. எங்கன்னு தெரிஞ்சா பாதி ஜோலி தீர்ந்தது. என் கசேரையில ஃபைல் அடுக்காதீங்க, கேட்டோ."

சிகிச்சை நடந்தது. அவர் திரும்பி வரவில்லை. எங்கே என்று தெரிந்த பிறகும் சரிசெய்ய முடியாதவை உண்டு. அதற்காக அவருடைய நம்பிக்கை வீண் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த நம்பிக்கையோடுதான் கடைசி இரவு நன்றாகத் தூங்கினார் என்று அவர் கணவர் சொன்னார்.

கோமதியின் உடலை வீட்டில் வைத்திருந்தபோது பேச்சியம்மாள் வந்திருந்தார். மகளையும் அழைத்து வந்திருந்தார். என்னைக் கண்டதும் பக்கத்தில் வந்து, "அவுக எனக்காகப் பேசுனாகன்னு எல்லாரும் சொல்லுதாக. அது இல்லய்யா. நான் பேசுனதக் கொறைக்காம சொன்னாக. அதுதான் பெருசு" என்றார். நாற்பது வருட மொழிபெயர்ப்பாளருக்கும் இதைவிடப் பெரிய பாராட்டு கிடைக்காது.

என் பங்குக்கு நான் எதை வைத்துக்கொள்கிறேன் என்று யோசித்தேன். அவர் கண்டுபிடித்த அந்தச் சுவிட்சை அல்ல. இப்போது வரும் இயந்திரங்களில் அது கிடையாது. விசாரணை முடிந்து வஞ்சியூர்ச் சந்திப்பில் டீ குடித்தபோது நாங்கள் பேசிக்கொண்டதை வைத்துக்கொள்கிறேன்.

"என்ன கோளாறுன்னு மனசுல பட்டுதானே அஞ்சு நிமிஷம் கேட்டீங்க?" என்றேன்.

"இல்லியே. ஒண்ணும் தெரியாது."

"அத்தனை பேர் முன்னாடி, தெரியாமலா எழுந்து நின்னீங்க?"

கோமதி என்னை வேடிக்கையாகப் பார்த்தார்.

"தெரிஞ்சிருந்தா அஞ்சு நிமிஷம் எதுக்கு சாரே கேக்கணும்?"